தக்காளியில் உப்பு

உப்பு போட்டாயிற்றா, இல்லையா? சடகோபனின் வலது கை உப்பு ஜாடிக்கும் தக்காளிக் கிண்ணத்துக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் குவிந்திருந்தன, குவிந்த விரல்களுக்குள் ஒன்றும் இல்லை. போட்டுவிட்டுத் திரும்புகிற கையா, எடுக்கப் போகிற கையா என்று அதன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதுபோல உற்றுப் பார்த்தார். ஜாடியின் மூடி திறந்து கிடந்தது. போட்டிருந்தாலும் திறந்துதான் கிடக்கும், போடப் போவதாக இருந்தாலும் திறந்துதான் கிடக்கும். எட்டிப் பார்த்தால் உப்பின் மேல் ஒரு குழி. அது காலையில் ரசத்துக்கு எடுத்த குழியாகவும் இருக்கலாம். விரல் நுனியில் இரண்டு பொடி ஒட்டியிருந்தால் விஷயம் முடிந்தது, ஆனால் நடுவில் எப்போதோ குழாயைத் திறந்து கையைக் கழுவியிருக்கிறார், ஈரம் இன்னும் காயவில்லை. கிண்ணத்தில் தக்காளி தண்ணீர் விட்டிருந்தது. உப்பு போட்டால் தக்காளி தண்ணீர் விடும், வாஸ்தவம், ஆனால் நறுக்கி வைத்தாலே விடுகிற நாட்டுத் தக்காளி இது. கோர்ட்டில் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிற ஆசாமி மாதிரி எல்லாமே இரண்டு பக்கமும் பேசின. சடகோபன் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது தெரிந்தது. மூன்று விரல், ஒரு சாண் உயரம், கிண்ணத்தைச் சுற்றி ஒரு வட்டம், பொலபொலவென்று விழுகிற உப்பு. பட்டப்பகலில் பார்ப்பது போலத் தெரிந்தது. போட்டாயிற்று, சந்தேகமே இல்லை. அப்பாடா என்று கண்ணைத் திறந்தால் கை இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது. போட்டாயிற்று என்றால் இந்தக் கை மறுபடி எதற்கு இங்கே வந்தது? இரண்டாம் தடவையும் போட்டுவிட்டுத்தான் நிற்கிறதோ? அதற்குப் பிறகு இந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஒரு தடவையா, இரண்டு தடவையா என்று மனசு செக்கு மாட்டைப் போல அதையே சுற்றிக்கொண்டிருந்தது.

இதற்கா இவ்வளவு பாடு என்று யாருக்கும் தோன்றும். ரொட்டியை வாட்டி, மேலே தக்காளியையும் சீஸையும் வைத்துக் கொடுக்கிற ஒரு பலகாரம், அதில் உப்பு கூடினால் குடியா முழுகிவிடும்? முழுகிவிடும், இன்றைக்கு. நாலு மணிக்கு அவருடைய ஒரே பெண் வசுமதி புனாவிலிருந்து வருகிறாள். வருகிறவள் அப்பாவைப் பார்க்க மட்டும் வரவில்லை, அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்க வருகிறாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சடகோபனுக்குத் தெரியும். கோயம்புத்தூர் பக்கத்தில் வயசானவர்கள் இருக்கிற ஒரு குடியிருப்பு. போன வாரமே போனில் படங்கள் அனுப்பிவிட்டாள், புல்தரை, சக்கர நாற்காலி போகிற சரிவுப் பாதை, வரிசையாக மேஜை போட்ட சாப்பாட்டுக் கூடம். அங்கே அடுப்படியே கிடையாதாம். மூணு வேளையும் அவாளே போட்டுடுவாப்பா, உனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றாள். சிரமம் இல்லையாம். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கீழ் வீட்டு ஜெசிந்தா, அவள்தான் வசுமதிக்குப் போன் பண்ணிச் சொன்னாள். இல்லை, ஜெசிந்தா பாவம், நல்ல பெண், அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. போன மாதம் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். மூன்றாவது மாடியில் அவர் வீடு, இரண்டாவது மாடியில் ஜெசிந்தா வீடு. கதவு திறந்திருந்தது, உள்ளே போனார், சோபாவில் உட்கார்ந்தார், பேப்பரைப் பிரித்தார். குரோம்பேட்டையில் இந்த மாதிரிக் கட்டடங்களில் எல்லா வீடும் ஒரே அச்சு, யாருக்கும் தப்பு வரும். முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் கட்டட வரைபடம் போட்டவருக்கே வந்தது என்றால் கட்டினவன் மேல்தான் தப்பு. இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. எதிர்ச் சுவரில் மாதா படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்தும் வீடு மாறிவிட்டது என்று தோன்றவில்லை, யார் இதை இங்கே மாட்டினார்கள் என்றுதான் தோன்றியது. உள்ளேயிருந்து வந்த ஜெசிந்தாவைப் பார்த்து, "வாம்மா, எப்ப வந்தே? உக்காரு" என்று உபசாரம் வேறு செய்தார். அவள் வீட்டில் அவளையே. ஜெசிந்தா அவர் சொன்னபடியே உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "காபி போடட்டா சார்?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பதவிசுதான் அவருக்கு எதையோ சொல்லிற்று. தப்பு பண்ணியதில் அவருக்குப் பயம் இல்லை. அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது துளிக்கூடச் சந்தேகம் வரவில்லையே, அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் இந்த ரொட்டி. பழக்கத்தில் செய்வதை வண்டி மாடு கூடச் செய்யும், அதற்கு மூளை வேண்டாம். சாம்பாரும் ரசமும் பண்ணி வைத்தால் வசு அதைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். புதிதாக ஒன்றைச் செய்து தட்டில் வைத்து நீட்டினால், இந்த மனுஷனுக்கா மறதி என்று அவளுக்கே வெட்கமாக இருக்க வேண்டும். போன தடவை வந்தபோது அவள்தான் செய்து காட்டினாள். அந்தப் பலகாரத்துக்கு இத்தாலிக்காரப் பெயர் ஒன்று இருந்தது, ஏதோ புருஷன் என்று வருகிற மாதிரி, அது வாயில் நிற்கவில்லை, போகட்டும், பெயர் தெரியாவிட்டால் ரொட்டி வேகாதா? செய்முறை முழுக்க நினைவிருக்கிறது. போனில் வீடியோ போட்டுப் பார்த்துச் செய்யலாம், ஆனால் அது பரீட்சையில் காப்பி அடிப்பது மாதிரி. தக்காளியை விதை எடுத்துப் பொடியாக நறுக்க வேண்டும், நறுக்கியாயிற்று. வெள்ளைச் சீஸைக் கையால் பிய்த்து வைக்க வேண்டும். அதில் உப்பே இருக்காதுப்பா, தக்காளியில போடறதுதான் என்று அவள் சொன்னது கூட ஞாபகம் இருக்கிறது. அப்படியிருக்க, போட்டதா மறக்கும்? பூண்டுப் பல்லை ரொட்டியில் தேய்க்க வேண்டும். இந்த வீட்டுக்குள் பூண்டு வந்ததே இல்லை, மனைவி கோமளா உயிரோடு இருந்தால் வாசலோடு திருப்பியிருப்பாள், அவர் அதைக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் கட்டையின் வெளிப்பக்கம் வைத்திருந்தார், ஏதோ களவுப் பொருளைப் போல. அப்புறம் அந்த இலை. துளசி மாதிரி இருக்கும், ஆனா துளசி இல்லை என்றாள். பால்கனியில் துளசிமாடம் இருக்கிறது, அதில் கை வைக்க மனசு வருமா? பூக்காரம்மாவிடம் விவரம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு ஒரு கொத்தை எடுத்துக் கொடுத்தாள். "திருநீத்துப் பச்சிலைன்னு கேளுங்க சாமி, இதுக்கா இவ்ளோ சுத்துறீங்க?" நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு திருநீற்றுப் பச்சிலையைக் கேட்டு வாங்கி வந்தார். வைகுண்டத்தில் இதற்கு விசாரணை உண்டோ என்னவோ. அதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே நறுக்கியதுதான் தப்பு. சிரிப்பில் கவனம் போயிருக்கும், கை பாட்டுக்கு இரண்டாம் தடவை போட்டிருக்கும்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சமைக்கிறார்கள், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடலாம் என்று தலையை ஆட்டுகிறார்கள். இந்த வீட்டில் அது கிடையாது. தளிகை பண்ணியதைப் பெருமாள் முன்னால் வைத்த பிறகுதான் மனுஷன் வாயில் படலாம். பண்ணுகிறபோது ருசி பார்த்தால் அது எச்சில், எச்சிலை எப்படிப் பெருமாளுக்குக் காட்டுவது? கோமளா கொதிக்கிற சத்தத்தை வைத்தே உப்பு சரியா என்று சொல்வாள். அவள் இடுப்பு ஒடிந்து படுத்தபோது அடுப்படி அவர் கைக்கு வந்தது. அவருக்குச் சத்தமும் தெரியாது, வாசனையும் தெரியாது, விரல் கணக்கு ஒன்றுதான். இரண்டு பேருக்கான குழம்புக்கு இத்தனை சிட்டிகை, பொரியலுக்கு இத்தனை என்று கோடு போட்டு அளப்பது மாதிரி பழகிக்கொண்டார். அவள் உள்ளறையில் படுத்தபடி கேட்பாள். "உப்பு போட்டாச்சா?" "ஆச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "பெருங்காயம்?" "ஆச்சு, ஆச்சு, நீ பேசாம படு." அப்போது அது தொணதொணப்பாக இருந்தது. ஒரு நாள் சுள்ளென்று விழுந்தும் இருக்கிறார், நான் என்ன பச்சைக் குழந்தையா என்று. இப்போது நினைத்தால், அந்த ஆச்சு என்று சொல்கிறபோதுதான் போட்டது மனசில் பதிந்திருக்கிறது. அவள் கேட்டாள், இவர் சொன்னார், அதோடு அந்தக் காரியம் முடிந்து உள்ளே போய் உட்கார்ந்தது. இப்போது போடுகிறார், யாரும் கேட்பதில்லை. போட்டது எங்கே போய் நிற்கும்? அவள் போனபோது வீட்டில் பாதி ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று தோன்றியது. கோமளா, நீ கேட்டிருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். சொன்னதும் திடுக்கிட்டு வாசல் பக்கம் பார்த்தார். தனியாகப் பேசுவதை வசு கேட்டால் அது வேறு சேரும்.

சரி, நியாயமாகப் பார்ப்போம் என்று சடகோபன் மேடையில் கையை ஊன்றிக்கொண்டார். தக்காளி பெருமாளுக்கு ஆகாது. கோயில் மடைப்பள்ளியில் அது ஏறுவதில்லை, அவரும் அதைப் பெருமாள் தளிகையில் சேர்ப்பதில்லை, சாப்பாட்டு ரசத்துக்குத் தனியாகத்தான் போடுவார். பூண்டு ஆகவே ஆகாது. சீஸை எந்த ஊரில் எதைப் போட்டு உறைய வைத்தானோ. ஆக, இந்த ரொட்டியைப் பெருமாள் முன்னால் வைக்கிற பேச்சே இல்லை. வைக்காத பண்டத்தை ருசி பார்த்தால் எச்சில் தோஷம் எங்கே வந்தது? பெருமாளே குறுக்கே வந்து, எனக்கு வேண்டாமடா, நீ தின்னு பார் என்று சொல்லுகிற மாதிரி வழி பளிச்சென்று திறந்திருந்தது. ஒரு துண்டு தக்காளியை எடுத்தார். கை வாய் வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. பழக்க தோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அந்தப் பதில் மனசுக்கு ஒட்டவில்லை. வாயில் போட்டால் தெரிந்துவிடும். ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். இரண்டு என்று தெரிந்தால் அப்புறம்? ஜெசிந்தா வீட்டு விவகாரத்துக்குக் கட்டடத்தைச் சொல்லலாம், ஒரு நாள் சாயங்காலம் சந்தியாவந்தனத்தில் எங்கே விட்டோம் என்று திகைத்ததற்குத் தெருவில் அலறிய லவுட் ஸ்பீக்கரைச் சொல்லலாம், இதற்கு யாரைச் சொல்வது? தனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் கண்டுகொண்டார். பெருமாளுக்காக ஒன்றும் இல்லை. ஆசாரத்தை முன்னால் நிறுத்திவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். தக்காளித் துண்டைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். போட்ட பிறகு, அதைத் தொட்ட விரலை நக்கிப் பார்த்தால் கூடத் தெரியுமே என்று தோன்றி, அவசரமாக வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

கிண்ணத்தோடு கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். வேறு தக்காளி இல்லை. கீழே காய்க்கடை இருக்கிறது, போய்வர அதிக நேரம் ஆகாது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். படிக்கட்டு வளைந்து வளைந்து கீழே போயிற்று. இறங்குவதில் பிரச்சினை இல்லை, இறங்கினால் தெரு, தெருவில் ஒரு கடை. ஏறுவதுதான். முதல் மாடி, இரண்டாம் மாடி, எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சை. தன் கதவுக்கு அடையாளமாக ஒரு சங்கு சக்கர ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார், அது இருக்கிறது, பார்த்தார், இருக்கிறது. அவர் இரண்டாவது மாடியில் நின்று முழித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து வசு டாக்ஸியில் வந்து இறங்கினால்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி வருகிறவள், ஜெசிந்தா வீட்டு வாசலில் அப்பாவைத் தக்காளிப் பையோடு பார்த்தால்? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அடுப்படியில் ஏதோ புகை. தோசைக்கல்லில் ரொட்டி. ரொட்டியை எப்போது போட்டார்? ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். நாலில் ஒன்று ஒரு பக்கம் கரிந்து போயிருந்தது, மற்ற மூன்றும் நல்ல பொன்முறுவல், மெத்தப் படித்தவர்கள் செய்த மாதிரி. ஜன்னலைத் திறந்து முறத்தால் புகையை விசிறினார். கரிந்ததைக் கத்தியால் சுரண்டும்போது அந்தச் சரக் சரக்கில் மனசு கொஞ்சம் அடங்கியது. இப்படியே ஒரு காரியத்தை மட்டும் ஒரு நேரத்தில் செய்து கொண்டிருந்தால் போதும், ஒன்றும் கெட்டுவிடாது. பூண்டைத் தேய்த்தார். தக்காளியை ஸ்பூனில் எடுத்து வைத்தார். சீஸைப் பிய்த்து வைத்தார். பச்சிலையைக் கிள்ளி மேலே போட்டார். உப்பு ஜாடியை மூடி அலமாரியின் உயரத் தட்டில் வைத்தார், கை மறுபடி போகக் கூடாதென்று. போட்ட உப்பை எடுக்க முடியாது, குறைந்தால் தூவிக்கொள்ளலாம். இது ஒரு நல்ல முடிவு, தெளிவான மூளை எடுக்கிற முடிவு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது.

வசுமதி இளைத்திருந்தாள். முன்னந்தலையில் நரை ஓடியிருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள், புகை வாசனை அவளுக்கு எட்டாமலா இருக்கும், ஆனால் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. "அப்பா, என்ன இது, என்னோட டோஸ்டா? நீயா பண்ணினே?" என்றாள். அவள் முகம் மலர்ந்தது, பொய் இல்லை. அதற்காகவே எத்தனை ரொட்டியும் கரியலாம் என்றிருந்தது அவருக்கு. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். சடகோபன் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார். மென்றாள். புருவம் ஏறவில்லை, இறங்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுக்கவில்லை. இரண்டு தடவை போட்டிருந்தால் இந்நேரம் தண்ணீர் குடித்திருப்பாள். ஒரு தடவைதான், ஒரே தடவைதான். "நன்னா இருக்குப்பா" என்று இரண்டாவது துண்டை எடுத்தாள். அவருக்கு உடம்பு முழுக்க இலேசாகிவிட்டது. பார்த்தாயா கோமளா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"அப்பா, அந்தக் கோயம்புத்தூர் இடம் இருக்கோல்லியோ" என்று வசுமதி ஆரம்பித்தாள். போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "நான் வற்புறுத்தலை. நீ நன்னா இருக்கேன்னு சொன்னா, நன்னாதான் இருக்கே. ஜெசிந்தா சொன்னதை வெச்சுண்டு நான் தீர்மானம் பண்ண மாட்டேன். நீயே சொல்லு." அவர் சொல்வதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தார். கட்டடம் ஒரே அச்சு, யாருக்கும் தப்பு வரும். வாயைத் திறக்கப் போனவர், தட்டில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஜெயித்தவன் சாப்பிடுகிற மாதிரி பெரிதாகக் கடித்தார். ரொட்டி மொறுமொறுவென்று உடைந்தது. தக்காளி புளித்தது. பச்சிலை மணத்தது. அவ்வளவுதான். அடுத்த வாய் கடித்தார், மெதுவாக. நாக்கை ஓரங்களில் தேடவிட்டார். உப்பு இல்லை. ஒரு தடவையும் இல்லை. ஒரு பொடி கூட விழவில்லை. அப்படியானால் அது? மூன்று விரல், ஒரு சாண் உயரம், கிண்ணத்தைச் சுற்றி ஒரு வட்டம்? இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது, அதே வெளிச்சம், பொலபொலவென்று. அது எந்த நாளின் உப்பு, எந்தக் குழம்பில் விழுந்தது?

அவர் மெல்லுவதை நிறுத்தியதை வசுமதி பார்த்தாள். "சீஸ் அப்படித்தான்பா, கொஞ்சம் சப்புனு இருக்கும்" என்றாள் அவசரமாக. "மேல துளி உப்பு தூவிண்டா சரியாப் போயிடும். இரு, நான் எடுத்துண்டு வரேன்." அவள் பாதி எழுந்துவிட்டாள். நல்ல பெண். அப்பாவுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர் ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தால் போதும், ரொட்டியும் தப்பிக்கும், வீடும் தப்பிக்கும், இவரும் தப்பிப்பார். சடகோபன் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வசு, நான் இதுல உப்பு போட்டேன்" என்றார்.

அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"போட்டதைப் பார்த்தேன். இந்தக் கண்ணால பார்த்தேன். இப்பவும் தெரியறது, கை, உப்பு, எல்லாம். ஒரு தடவையா ரெண்டு தடவையான்னுதான் மத்தியானத்திலேர்ந்து மண்டையை உடைச்சுண்டேன். போடவே இல்லைன்னு தோணவே இல்லை எனக்கு." கடித்த ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஜெசிந்தா ஆத்துலயும் இப்படித்தான். கட்டடம் கிட்டடம் எல்லாம் சும்மா சொன்னது. அந்தச் சோபால உக்காந்தப்போ அது நம்மாம்தான், நம்ம வீடேதான்."

வசுமதி போனைக் கவிழ்த்து வைத்தாள். "எத்தனை நாளாப்பா?" என்றாள்.

"தெரியலை. பயமா இருக்கு வசு."

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்ன வயசில் இடி இடித்தால் உட்காருவதுபோல் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்பா" என்றாள்.